ஊருக்குச் சொல்லுமுன் பிள்ளைக்குச் சொல்லுங்கள்

(கண்டாவளையில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை. மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களும் அங்கே கூடியிருந்தன. தோட்டங்களில் இருக்கும் நமது வாசகர்களுக்கும் வேண்டிய விஷயம் என்பதால் இங்கே தருகிறோம்.)



இன்றைய பேச்சு வளருகிற பிள்ளைகளின் உடம்பைப் பற்றியது. 10 வயதிலிருந்து 19 வயது வரையான காலத்தைக் கட்டிளமைப் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த வயதில் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். விஷயத்தைக் கேட்டதும் தகப்பன்மார் சிலர் கதிரையை விட்டு எழும்பப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து இருங்கள், ஐயா. பெண்பிள்ளைக்கு மட்டும்தானா வயது வருகிறது? ஆண்பிள்ளையும் அதே வீட்டில்தான் வளருகிறான்.

ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் நாங்கள் என்ன செய்கிறோம்? வன்னியில் சாமத்திய வீடு என்கிறோம். தோட்டத்தில் சடங்கு என்கிறோம். தாய்மாமனுக்கு ஆள் அனுப்புகிறோம். அழைப்பிதழ் அடிக்கிறோம், பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், வீடியோக்காரரைப் பிடிக்கிறோம். கடன்பட்டாவது செய்கிறோம். ஊர் முழுக்கத் தெரிந்து விடுகிறது. ஆனால் தன் உடம்பில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னோமா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. "தொடாதே, அங்கே போகாதே, ஆம்பிளைப் பிள்ளையளோட கதைக்காதே" என்று மூன்று தடை மட்டும் சொல்லுகிறோம். காரணம் சொல்லுவதில்லை.

சடங்கு செய்ய வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் விருப்பம். அந்த நாட்களில் கொடுக்கிற உளுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் வளருகிற உடம்புக்கு நல்ல சாப்பாடுதான். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஊருக்குச் சொல்லுமுன் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதையும் முதல் இரத்தம் படுவதற்கு முன்னமே சொல்லுங்கள்.

ஏன் முன்னமே? ஒன்றும் தெரியாத பிள்ளை பாடசாலையில் இருக்கும்போது சட்டையில் இரத்தத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? எங்கேயோ காயம் என்று நினைக்கும். பொல்லாத வருத்தம், சாகப் போகிறேன் என்று நினைக்கும். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து ஒளித்து வைக்கிற பிள்ளையும் உண்டு. இந்தப் பயம் பிள்ளையின் மனதில் நெடுநாள் நிற்கும். தாய் முன்கூட்டிச் சொன்ன நாலு வார்த்தை இருந்தால் அந்தப் பயம் வராது.

இந்த மண்ணில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இங்கே இருக்கிற பலருடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983 கலவரத்துக்குப் பிறகும் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். லயத்தில் ஒரே காம்பராவுக்குள் பெரிய குடும்பமே படுத்து எழும்பிய காலத்தில் ஒரு பிள்ளைக்கு உடுப்பு மாற்றவே மறைவில்லை. இங்கே வந்து வளவும் கிணறும் கிடைத்தது. பிறகு யுத்தம் அதையும் பறித்தது. 2008 ஆம் ஆண்டிலும் 2009 தொடக்கத்திலும் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்த குடும்பங்கள் வன்னியில் பல. 2009 இல் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தபோது, மாற்றத் துணியும் இல்லாமல், கழுவத் தண்ணீரும் இல்லாமல், தண்ணீர் வரிசையில் நின்ற பிள்ளைகளை உங்களில் பலருக்குத் தெரியும்.

அப்படிக் கலியாணம் முடித்த பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. கர்ப்பம் எப்படித் தங்குகிறது என்றும் தெரியாது. தெரியாமலே தாயானார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் இப்போது தாய்க்குக் கலியாணம் நடந்த அந்த வயதிலே வந்து நிற்கிறார்கள். தாய்க்குக் கிடைக்காத அறிவு பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

சரி, பிள்ளைக்குச் சொல்ல முதலில் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் மூளைக்குக் கீழே கபச்சுரப்பி என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. பயறு அளவுதான். வயது வரும்போது அது இரத்தத்தின் வழியாக ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியைத்தான் ஓமோன் என்கிறார்கள். பெண்பிள்ளையில் அந்தச் செய்தி சூலகத்துக்குப் போகிறது. ஆண்பிள்ளையில் விதைக்குப் போகிறது. அதற்குப் பிறகு உடம்பு மாறத் தொடங்குகிறது.

பெண்பிள்ளைக்கு இது பெரும்பாலும் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்கும். முதலில் மார்பு சிறிது தடிக்கும். பிறகு உரோமம் வளரும், உயரம் கூடும், முகத்தில் பரு வரும். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே தாய்மாரே, உங்களுக்கு அடையாளம் கிடைக்கிறது. மார்பு தடிக்கத் தொடங்கினால் பிள்ளையோடு பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

அடிவயிற்றில் கருப்பை இருக்கிறது. பெரிய கொய்யாப்பழம் அளவு. அதன் இரு பக்கமும் இரண்டு சூலகங்கள். பெண்பிள்ளை பிறக்கும்போதே அவளுடைய சூலகத்தில் முட்டைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். அவற்றில் வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருவது ஏறக்குறைய 400 தான். மாதம் ஒன்றாக வருகிறது. வருகிற முட்டை பிள்ளையாகத் தங்கினால் இருக்க இடம் வேண்டாமா? அதற்காகக் கருப்பை தன் உட்பக்கத்தில் இரத்தமும் சவ்வுமாக ஒரு மெத்தை போடுகிறது. பிள்ளை தங்காவிட்டால் அந்த மெத்தை தேவையில்லை. அது கரைந்து வெளியே வருகிறது. அதுதான் மாதவிடாய்.

இதில் எங்கே இருக்கிறது அழுக்கு? எங்கே இருக்கிறது துடக்கு? ஒரு பிள்ளையைத் தாங்க வைத்த இரத்தம் அது. நாங்கள் எல்லோரும் அந்த மெத்தையில் பத்து மாதம் படுத்திருந்து வந்தவர்கள்தான்.

ஒரு மாதவிடாய் 2 நாளிலிருந்து 7 நாள் வரை இருக்கலாம். மொத்தமாகப் போகிற இரத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவுதான். தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வருடம் மாதம் தவறாமல் வராது. அதற்காகப் பயப்பட வேண்டாம், பிள்ளையைச் சந்தேகிக்கவும் வேண்டாம். ஆனால் 15 வயதாகியும் வராவிட்டால், ஒவ்வொரு முறையும் 7 நாளுக்கு மேல் போனால், மணித்தியாலத்துக்கு ஒரு தடவை துணி மாற்றுகிற அளவுக்குப் போனால், பாடசாலைக்குப் போக முடியாத அளவுக்கு வலித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். "பொம்பிளைப் பிள்ளை என்றால் தாங்கத்தான் வேணும்" என்று சொல்லி வைத்திருக்காதீர்கள்.

துணி வைத்தாலும் பரவாயில்லை, கடையில் விற்கிற பாட் வைத்தாலும் பரவாயில்லை. 4 மணித்தியாலத்துக்கும் 6 மணித்தியாலத்துக்கும் இடையில் மாற்ற வேண்டும். துணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் காய வையுங்கள். வெட்கத்தில் கட்டிலுக்குக் கீழேயும் கூரை இடுக்கிலும் ஒளித்துக் காயவைத்தால் ஈரம் போகாது, கிருமி பெருகும். மலையில் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மாருக்கு நாள் முழுக்க மாற்ற இடமில்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். அந்தக் கஷ்டத்தைச் சங்கத்திலும் துரையிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்கவும் முதலில் இதைப் பேசக் கூச்சம் போக வேண்டும்.

தண்ணீரில் குளிக்கக் கூடாது, தலை முழுகக் கூடாது என்பதெல்லாம் தேவையில்லை. தினமும் குளிக்கலாம், விளையாடலாம், பாடசாலைக்குப் போகலாம். கீரை, பருப்பு, நெத்தலி, முட்டை கொடுங்கள். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எறியாமல் குடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தேயிலையில் வாழ்ந்த நாங்கள் கவனிக்க வேண்டியது: சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இனி ஆண்பிள்ளைக்கு வருவோம். அவனுக்குச் சடங்கும் இல்லை, சொல்லும் இல்லை. 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் அவனுடைய மாற்றம் தொடங்கும். முதலில் விதைகள் பெருக்கும். பிறகு உரோமம், உயரம், மீசை. குரல்வளை வளருவதால் குரல் உடையும். விதையில் விந்தணு உண்டாகத் தொடங்கும். இரவில் நித்திரையில் விந்து தானாக வெளியேறும். காலையில் உடுப்பு நனைந்திருக்கும். இது வருத்தமில்லை. பலம் குறைவதும் இல்லை. "ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தம்" என்று ஊரில் சொல்லுவது பொய்க்கதை.

இதைத் தகப்பன் சொல்லாவிட்டால் யார் சொல்லுவார்? பத்திரிகையில் விளம்பரம் போடுகிற போலி வைத்தியர் சொல்லுவார். நரம்புத் தளர்ச்சி என்று பயங்காட்டிக் காசு பறிப்பார். அல்லது கையில் இருக்கிற போன் சொல்லும். போனில் வருகிற ஆபாசப் படத்தில் அன்பும் இல்லை, பொறுப்பும் இல்லை, பெண்ணுக்கு ஒரு மனம் உண்டு என்ற நினைப்பும் இல்லை. அதைப் பார்த்துப் பழகுகிற பையன் நாளைக்கு ஒரு குடும்பத்தை எப்படி நடத்துவான்? அவனுக்கு உடம்பை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. பெண்பிள்ளை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான் என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் சட்டையில் கறை பட்டால் சிரிக்காமல், தன் மேற்சட்டையைக் கொடுத்து உதவ வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஆண்பிள்ளையைப் பற்றி மிக அவசரமான ஒன்று. விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் வெட்கத்தில் ஒளிக்க விடாதீர்கள். விதை உள்ளே முறுகினால் அதற்குப் போகிற இரத்தம் நின்றுவிடும். 6 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பெரும்பாலும் காப்பாற்றலாம். விடியட்டும் பார்ப்போம் என்று இருந்தால் விதையை இழக்க நேரும். இதைச் சொல்லி வைத்திருந்தால்தான் பிள்ளை வாய் திறப்பான்.

அடுத்தது பிள்ளை எப்படித் தங்குகிறது என்பது. இதையும் சொல்லத்தான் வேண்டும். விந்தணு பெண்ணின் உடம்பில் 5 நாள் வரைகூட உயிரோடு இருக்கும். முட்டை ஏறக்குறைய ஒரு நாள். இரண்டும் சேர்ந்தால் கரு. "ஒரு தரம்தானே, ஒன்றும் ஆகாது" என்பது பிழை. முதல் மாதவிடாய் வருமுன்னே சிலவேளை முட்டை வெளிவரலாம் என்பதால், இன்னும் பெரியபிள்ளையாகாத பிள்ளைக்கும் கர்ப்பம் தங்கலாம். பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. பெண்ணிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான். ஆணிடம் எக்ஸும் உண்டு, வையும் உண்டு. ஆகவே "பொம்பிளைப் பிள்ளையாகவே பெறுகிறாள்" என்று மருமகளைத் திட்டுகிற மாமியார் இனி விஞ்ஞானப்படி தன் மகனைத்தான் திட்ட வேண்டும்.

உடம்பு பெரியதாகத் தெரிந்தாலும் 14, 15 வயதில் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது. அந்த வயதில் பிள்ளை பெறும்போது இரத்த அழுத்தம், வலிப்பு, இரத்தச்சோகை, நிறை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் கூட. சட்டமும் இதைக் கருதியே இருக்கிறது. 1995 இல் செய்த திருத்தங்களின்படி பொதுச் சட்டத்தில் கலியாண வயது 18. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உடலுறவு கொண்டால், அந்தப் பிள்ளை சம்மதித்தாள் என்று சொன்னாலும் அது பாலியல் வல்லுறவுக் குற்றம். "கட்டி வைத்துவிட்டால் மானம் போகாது" என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிக்கிற காரியம் அல்ல இது.

பிள்ளையைக் கெடுக்கிறவன் எப்போதும் இருட்டில் வருகிற அந்நியன் இல்லை. பல தடவை வீட்டுக்கு வந்து போகிற, பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான். தாய் மலைக்குப் போயிருப்பாள். அல்லது வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போயிருப்பாள். பிள்ளை அம்மம்மாவோடு இருக்கும். தன் உறுப்புக்குப் பெயர் தெரியாத பிள்ளை, அங்கே யாராவது தொட்டால் என்ன சொல்லி முறையிடும்? பெயர் தெரிந்த பிள்ளைதான் சொல்லும். "இன்ன இடத்தில் இவர் தொட்டார்" என்று சொல்லும். அப்படிச் சொன்னால் முதலில் நம்புங்கள். அடிக்காதீர்கள். 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பணம் தேவையில்லை.

"இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று பின்வரிசையில் ஒரு ஐயா முணுமுணுக்கிறார். நல்ல கேள்வி. பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, முறையாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் அதனால் முந்திக்கொண்டு தவறுவதில்லை என்று சொல்லுகிறது. சில இடங்களில் அப்பிள்ளைகள் இன்னும் நிதானமாகவே இருக்கிறார்கள். தெரியாத பிள்ளைதான் ஏமாறும்.

பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்றும் விட முடியாது. விஞ்ஞானப் புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் விரிவாக வருவது 10 ஆம், 11 ஆம் வகுப்புகளில். பிள்ளை பெரியபிள்ளையாவதோ 7 ஆம், 8 ஆம் வகுப்பில். பாடம் வருகிற நேரத்தில் பல பிள்ளைகளுக்கு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். சில வகுப்புகளில் அந்தப் பக்கத்தை "வீட்டில் வாசியுங்கோ" என்று தாண்டிப் போவதும் உண்டு. 7 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று சிங்களத்தில் தயாரித்த 'ஹத்தே அபே பொத்த' என்ற புத்தகமும் எதிர்ப்பு வந்ததால் நிறுத்தப்பட்டது. ஆகவே வீடுதான் முதல் பள்ளிக்கூடம்.

நீங்கள் தனியாகவும் இல்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இந்த நாடு முழுவதும் பரவி, மருத்துவிச்சி அம்மாவை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. அவரைக் கர்ப்பம் தங்கினால் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. வளருகிற பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். 2017 இலிருந்து 6 ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். தாள் வந்தால் வாசித்துக் கையொப்பம் வையுங்கள். அந்தத் தாள் வருகிற நாளே இந்தப் பேச்சைத் தொடங்கவும் நல்ல நாள்.

எப்படித் தொடங்குவது? நீளமாகப் பேச வேண்டாம். சமைக்கும்போது, தலை வாரும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொல்லலாம். "பிள்ளை, இன்னும் கொஞ்ச நாளையில உனக்கு இரத்தம் படும். பயப்பிடாத. அது வருத்தமில்லை, காயமுமில்லை. எனக்கும் வந்தது, அம்மம்மாவுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில எண்டால் ரீச்சரிட்ட சொல்லு, வீட்டில எண்டால் என்னட்ட வா." இவ்வளவுதான். புத்தகப் பையில் ஒரு பாட்டோ மடித்த துணியோ, ஒரு மாற்றுச் சட்டையோ வைத்து விடுங்கள். பையனுக்குத் தகப்பன் சொல்லட்டும்: "தம்பி, குரல் உடையும், இரவில உடுப்பு நனையும். எல்லா ஆம்பிளைக்கும் வாறதுதான். ஏதும் நோவு எண்டால் ஒளிக்காம என்னட்ட சொல்லு." தாய் வெளிநாட்டில் என்றால் அம்மம்மா, பெரியம்மா, மாமி யாராவது ஒருவர் பொறுப்பெடுங்கள். தாயும் போனில் சொல்லலாம். பிள்ளை கேள்வி கேட்டு, பதில் தெரியாவிட்டால் "மிஸ்ஸிட்ட கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லுங்கள். "வாயை மூடு" என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஒரு தடவை மூடிய வாய், ஆபத்து வரும்போதும் திறக்காது.

கூட்டம் முடிந்ததும் மருத்துவிச்சி அம்மா ஒரு மணித்தியாலம் இங்கேயே இருப்பார். எல்லோர் முன்னும் கேட்கக் கூச்சமான கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள். தகப்பன்மாரும் கேட்கலாம். வீட்டில் 9, 10 வயதுப் பிள்ளை இருக்கிறவர்கள் இந்தப் பாடசாலை விடுமுறை முடியுமுன் அந்த முதல் வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.